தலையணைக்குள் ஒரு பிடி அரிசி

"தலையணைக்குள்ளயா? தைச்சா வச்சே?"

கேட்ட தாஜுதீனின் முகம் வெளுத்துவிட்டது. போன மாதம்தான் மலாயாவிலிருந்து திரும்பி, வல்லத்திராக்கோட்டைப் பக்கம் சைக்கிளில் துணி விற்றுக்கொண்டிருந்தான்.

காத்தாயிக்கு ஒன்றும் புரியவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள். அவள் புருஷன் நாகராசு அன்று காலையில்தான் மலாயாவுக்குப் புறப்பட்டிருந்தான். சித்தப்பா பால்வெட்டும் ரப்பர் தோட்டத்தில் அவனுக்கும் வேலை. வெளிதேசம் போகிறவர் குலசாமி கோயில் அரிசியில் ஒரு பிடி கொண்டுபோய், அங்கே முதல் உலையில் போடவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். நாகராசு இதற்கெல்லாம் சிரிக்கிற ஆள். அதனால் அவனுக்குத் தெரியாமல் மஞ்சள் துணியில் முடிந்து அவன் கொண்டுபோகும் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் கடிதத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று கெட்டிக்காரத்தனம் வேறு.

"அங்க காட்டுக்குள்ள துப்பாக்கிக்காரனுக ஒளிஞ்சிருக்கானுக, தங்கச்சி. அவனுகளுக்குச் சோறு போயிரக்கூடாதுன்னு தோட்டத்துக் கேட்டுல, உள்ள வந்தாலும் வெளிய போனாலும், ஆளையே உரிச்சுச் சோதிக்கிறாங்க. எங்கூட இருந்த அழகுமலை பாய்க்குள்ள ஒரு டப்பா அரிசியச் சுருட்டிக்கிட்டு கேட்டத் தாண்டுனான். நான் கப்பலேறுற வரைக்கும் செயில்லேருந்து வரல. ஒம் புருசன் எனக்குத் தெரியாதுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

தன் கையாலேயே தைத்து அனுப்பியிருக்கிறாளே!

"பதினோரு மணி ரயிலுண்ணே. பஸ்ஸும் போயிருச்சே."

தாஜுதீன் துணி மூட்டையை இறக்கி வைத்தான். "ஏறு."

வாசலில் நின்ற மாமியார் பொன்னுத்தாய் கத்தினாள். "பயணம் போனவன பின்னால போயிக் கூப்புடுறதா? வெளங்குமாடி?"

அந்தப் பயம் காத்தாயிக்கும் இருந்தது. இருந்தும் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். அடுத்தவன் சைக்கிளில் போகிற பெண்ணை ஊரே வாய்பிளந்து பார்த்தது. பார்க்கட்டும், பார்க்கிறதற்குக் காசா பணமா!

புதுக்கோட்டை ஸ்டேஷனுக்குள் அவள் ஓடியபோது ரயில் ஊதிவிட்டது. மூன்றாவது பெட்டி வாசலில் நாகராசு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"இந்தாங்க! ஏங்க!"

நாலு ஆண்கள் திரும்பினார்கள். திரும்பவேண்டியவன் திரும்பவில்லை. சக்கரம் உருள ஆரம்பித்தது.

"நாகராசு!"

கல்யாணமான ஒரு வருஷத்தில் அவள் வாயில் வராத பெயர். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. அவனும் திரும்பினான். முகம் கறுத்துப் போயிருந்தது.

"தலையணையத் தூக்கிப் போடுங்க!"

இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. வீட்டுக்குப் போ என்று கோபமாகக் கையை ஆட்டினான். காத்தாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, கம்பியைப் பிடித்தாள். கால் ஒருமுறை அந்தரத்தில் தொங்கியது. யாரோ தோளைப் பற்றி உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

"பைத்தியமா புடிச்சிருக்கு? பேரச் சொல்லி ஊரச் சிரிக்க வைக்கிறே!"

அவள் தலையணையைப் பிடுங்கித் தையலைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பெட்டியெல்லாம் பஞ்சு பறந்தது. மஞ்சள் முடிச்சை வெளியே எடுத்து, தாஜுதீன் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க நாகராசின் கோபம் இறங்கியது. அழகுமலையின் கதை வந்ததும் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"சன்னல் வழியாக் கொட்டிரு, புள்ள. சீக்கிரம்."

"சாமி அரிசிங்க. தண்டவாளத்துல கொட்டுறதா? மனசு கேக்குமா?"

"அப்ப நீயே வீட்டுக்குக் கொண்டுபோ."

"ஒங்களோட போகணும்னு முடிஞ்சு வச்சது. திருப்பிக் கொண்டுபோக மாட்டேன்."

இப்படியும் ஒரு பிடிவாதமா என்று அவன் திகைத்துப் போய் நின்றான். அவள் முடிச்சை அவிழ்த்து, பாதியை அவன் உள்ளங்கையில் கொட்டினாள்.

"தின்னுங்க."

"வேகாத அரிசியவா?"

"வயித்துக்குள்ள இருக்கறத எந்தக் கேட்டுலயும் சோதிக்க மாட்டாங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு வாயில் போட்டுக்கொண்டான். மீதியை அவள் போட்டுக்கொண்டாள். கண்ணீர் வழிய வழிய மென்றாள். இன்னும் மூன்று வருஷத்துக்குப் பார்க்க முடியாது. சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் இறங்கவேண்டிய கீரனூர் வரும்வரை இருவர் வாயிலும் அரிசிதான் இருந்தது.