கீழ் இழுப்பறை

காலனி நாடாளுமன்றத்தின் மனுக்குழு அலுவலகத்தில் எழுத்தர் டல்லக் காலையில் வந்ததும் செய்கிற முதல் வேலை மனுக்களைப் படிப்பதல்ல, தாள்களைப் புரட்டிப் பார்ப்பது. கோரிக்கை எழுதிய அதே தாளில் ஒரு கையெழுத்தாவது இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் மனு சபை வாசலை மிதிக்காது. அவருடைய கீழ் இழுப்பறைக்குப் போய்விடும். அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதிப் போடும் வழக்கமும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் பிழையான மனு ஒன்றைக்கூட உள்ளே விட்டதில்லை என்று மனிதருக்குத் தலைக்கனம் வேறு.

உறுப்பினர் கார்னக் போகிற போக்கில் எட்டிப் பார்த்தார்.

"என்ன டல்லக், இன்னிக்கு எத்தனை பேரைப் பொதைச்சீங்க?"

"ஏழு பேர் சார். ஒழுங்கா எழுதத் தெரியாதவங்களுக்கு எதுக்கு மனு?"

"உள்ள வர்றது மட்டும் என்ன வாழுது? 'பரிந்துரைக்க ஏதுமில்லை'ன்னு ஒரே வரியில முடிச்சுட்டு நாங்க சாப்பிடப் போயிடுறோம்!"

இருவரும் சிரித்தார்கள். வயிறு நிறைந்தவர்களுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும்.

கார்னக் போனதும் கறுப்பு உடையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். காலணியில் சேறு காய்ந்திருந்தது.

"என் பேரு ஹெஸ்டர் ப்ளைத்துங்க ஐயா. டன்மோர் ஆத்துத் துறையில இருந்து வர்றேன், வந்து சேர ஆறு நாள் ஆச்சு. ஜூன் மாசம் மனு அனுப்பினேன்."

டல்லக் இழுப்பறையைக் கிளறி எடுத்தார். அரசாங்கப் படகோட்டியான அவள் கணவன், வெள்ளத்தில் தபால் பையைக் கரை சேர்க்கப் போய் ஆற்றோடு போயிருந்தான். அந்தப் படகைத் தானே ஓட்டுவதாகவும், படகோட்டிக்கென்று அரசாங்கம் கொடுத்த துறை வீட்டிலேயே பிள்ளையோடு இருக்கவிட வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். முதல் தாள் அப்பழுக்கில்லாமல் இருந்தது. இரண்டாவதில் நாற்பது கையெழுத்துகள், சேற்று விரல் தடங்கள்.

"முதல் தாள்ல ஒரு கையெழுத்துகூட இல்லையேம்மா. விதிப்படி இது மனுவே இல்ல."

"அது பெரிய சபைக்குப் போற தாளாச்சேங்க. எங்க ஆளுங்க ஆட்டு மயிர் கத்தரிக்கிறவங்க, கையெல்லாம் பிசுக்கு. அழுக்குப் படக்கூடாதுன்னு நான்தான் தனித்தாள் கொடுத்தேன். மரியாதைக்குச் செஞ்சதுங்க."

டல்லக்குக்கு என்னவோ போலிருந்தது. பேனாவை எடுத்து நீட்டினார்.

"இப்பவே ஒரு கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே சபையில வெச்சிடுறேன்."

அவள் பேனாவைத் தொடவில்லை.

"இனி எதுக்குங்க? ஜூலையிலயே வீட்டைக் காலி பண்ண வெச்சுட்டாங்க. மனு போட்டிருக்கோமே, பதில் வந்துடும்னு கரையிலேயே கூடாரம் போட்டுக் காத்துக் கிடந்தோம். எங்க பக்கம் ஜூலைதான் கடுங்குளிர். என் மக நெல்லிக்கு நெஞ்சுல குளிர் இறங்கிடுச்சு. அஞ்சு வயசு, தாங்கல. புதைச்சு இருபது நாள் ஆகுது."

"அப்போ... நீங்க வந்தது?"

"அந்த ரெண்டாவது தாளை வாங்கிட்டுப் போகத்தாங்க. அடியில பாருங்க. நானும் போடுவேன்னு அடம் பிடிச்சு அவ பேரை எழுதினா. அவ எழுதினதுன்னு என்கிட்ட வேற எதுவும் இல்ல."

தாளின் அடியில் கோணல் மாணலாக 'நெல்லி' என்று இருந்தது. அலுவலகத்துக்கு வந்த தாளை வெளியே தரக்கூடாது என்பதும் விதிதான். டல்லக் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை அவளிடம் கொடுத்தார்.

மாலையில் கார்னக் திரும்பி வந்தபோது, கீழ் இழுப்பறை முழுதும் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது. டல்லக் ஒவ்வொரு மனுவுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? சவத்தைத் தோண்டுறீங்களா? மொத்தம் எத்தனை பேரு?"

"ஒரு குழந்தை செத்தே போச்சு சார்." டல்லக் தலை நிமிரவில்லை. "கஷ்டப்பட்டவன் எழுதுறதுல தப்பு இருக்கத்தான் செய்யும். அதைத் திருத்திக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம். தாளைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கல. இதுவும் கொலைதான் சார். சிரிச்சதுல உங்களுக்கும் பங்கு உண்டு."

கார்னக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேலே கிடந்த மனுவை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.