மேலிருந்து இறங்கும் வழி

வெறும் சவப்பெட்டியே படிக்கட்டின் முதல் வளைவில் முட்டிக்கொண்டது. மாடி அறையில், கட்டிலுக்கு வெளியே கால் நீட்டியபடி, மோரீனின் அப்பா, மதுவிடுதிக்காரர் வில்ஃப் படுத்திருந்தார். காலையில்தான் உயிர் போயிருந்தது.

"வேற வழியில்லம்மா. பையில வச்சு, பெல்ட் போட்டு, நிமிர்த்தித்தான் இறக்கணும்," என்றார் அடக்கம் செய்ய வந்த பாஸ்க். வெளியூர்க்காரர். வந்ததும் வாசல் உத்தரத்தில் இடித்துக்கொண்டதில் நெற்றி வீங்கியிருந்தது.

"பீர் பீப்பாயா அவரு, நிமிர்த்தி உருட்டுறதுக்கு? அப்பா படுத்த வாக்குலதான் போவாரு."

கோபத்தில் சொல்லிவிட்டாளே தவிர, மோரீனுக்கு வழி தெரியவில்லை. இந்த விடுதியில் முதலில் எழுந்தது புகைபோக்கி. அறைகளும் படியும் அப்புறம் அதைச் சுற்றிக்கொண்டு வந்தவை. ஆணி கிடையாது, ஓக் மரச் சட்டங்களில் மரமுளைகள்தான். நானூறு வருடமாகக் கோணிக்கொண்டே நிற்கிறது, விழுகிற எண்ணமே அதற்கு இல்லை.

கீழே பாருக்கு வந்தாள். தினமும் குடிக்க வரும் கிளைவ், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் மேசை போடாத இடத்தில் நின்றிருந்தான். அங்கே யாராவது நாற்காலியை இழுத்தால் வில்ஃப் அதட்டுவார்: "மேலேர்ந்து இறங்குறவங்களுக்கு வழி விடுப்பா." பெண்டாட்டிக்குப் பயந்து சொல்கிறார் என்று ஊரே சிரிக்கும்.

மோரீன் அண்ணாந்து பார்த்தாள். மச்சுப் பலகைகள் எல்லாம் நெடுக்காக ஓடின. கிளைவ் தலைக்கு மேலே மட்டும், இரண்டு உத்தரங்களுக்கு நடுவில், குறுக்காக இருந்தன.

"கிளைவ், மேல வா. கம்பளத்தைச் சுருட்டணும்."

மாடி அறைக் கம்பளத்துக்கு அடியில், தரையிலேயே ஒரு கதவு இருந்தது. ஓர் ஆள் படுக்கிற நீளம், படுக்கிற அகலம். முளைகளைத் தட்டியதும் முனகாமல் திறந்தது. ஓரமெல்லாம் மெழுகு, புது மெழுகு.

"பெரிசு ஜோக்கடிக்குதுன்னுல்ல நினைச்சோம்!" என்றான் கிளைவ்.

மனிதன் ஒருநாள் சாவான் என்பதையும் நினைத்து வீடு கட்டியவனை மோரீனுக்குக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அழுகையும் வந்தது.

காலிப் பெட்டி அந்த வழியாக மேலே ஏறியது. பிறகு கயிறு கட்டி, வில்ஃபோடு, ஆடாமல் அசையாமல் பாருக்குள் இறங்கியது. ஆறு பேர் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள்.

"தலை, தலை!" என்றான் கிளைவ், பழக்கத்தில்.

ஆறு பேரும் குனிந்தார்கள். பாஸ்க்கும் இந்த முறை குனிந்தார். வில்ஃப் மட்டும் குனியாமல் போனார்.