காசிலிங்கம் போட்ட கெடுக் கணக்கு

சர்க்காரை நம்பக்கூடாது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கருப்பட்டி வியாபாரி காசிலிங்கம் மட்டும், தாராளமாக நம்பலாம் என்பார்; சொன்னபடி செய்யமாட்டான் என்று நம்பவேண்டும், அவ்வளவுதான்.

யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து சர்க்கார் விதித்த கெடு ஒவ்வொன்றையும் அவர் கவனித்து வந்தார். விளக்குக்குக் கறுப்புத் துணி கட்டவேண்டிய கெடு இரண்டு தடவை தள்ளிப்போயிற்று. மண்ணெண்ணெய் கார்டுக்கு மூன்று தடவை. முதல் நாளே ஓடியவன் வெயிலில் நின்று காய்ந்தான். கடைசியில் போன காசிலிங்கத்துக்கு உட்கார நாற்காலி கிடைத்தது.

அந்தப் புரட்டாசியில் புது உத்தரவு வந்தது. தோணியில் கருப்பட்டி ஏற்ற பர்மிட் வேண்டும். மனுக் கொடுக்கப் பத்து நாள் கெடு. காசிலிங்கத்தின் சரக்குக் கிட்டங்கியில், ஓலையில் கட்டிய இருநூறு சிப்பம் உடன்குடிக் கருப்பட்டி கொழும்புக்குப் போகக் காத்திருந்தது. ஐப்பசி மழை பிடித்தால் ஈரக்காற்றைக் குடித்துக் கருப்பட்டி கசிந்துவிடும். கசிந்ததை எவனும் கையால் தொடமாட்டான்.

எட்டாம் நாள், கொழும்புத் தோணியை ஓட்டும் தண்டல் வளன் கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, மத்தவங்க எல்லாம் பர்மிட்டு வாங்கியாச்சு. உங்க சரக்குக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்."

"வச்சிரு. கெடுவை நீட்டுவான்."

"நீட்டலேன்னா?"

"வளன், கடல்ல என்னைக்குக் காத்து மாறும்னு உனக்குத் தெரியும்லா? இவன் என்னைக்கு மாறுவான்னு எனக்குத் தெரியும்."

உள்ளே புளி உருட்டிக்கொண்டிருந்த மனைவி வடிவம்மாள் தலையை நீட்டினாள். "காத்து மாறுனா வளன் பாயை மாத்துவாரு. நீங்க எதை மாத்துவீய?"

"ஏளா, வியாபாரத்துல பேசாத."

பத்தாம் நாளும் முடிந்தது. பதினோராம் நாள் காலையில் காசிலிங்கம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். வரிசை இல்லை. நாற்காலி இருந்தது. குமாஸ்தா ஜேசுபாதம் மரியாதையாக உட்காரச் சொல்லிவிட்டு, மனுவைத் திருப்பிக் கொடுத்தார்.

"நேத்தோட முடிஞ்சிட்டு, அண்ணாச்சி."

"நீட்டலியா?"

"போன தடவை நீட்டுனதுக்கு மேலிடத்துல ஏச்சு வாங்கியாச்சு. இனிமே சொன்னா சொன்னதுதானாம்."

சர்க்கார் திருந்திய செய்தி ஊரில் முதன்முதலாகக் காசிலிங்கத்துக்குத்தான் தெரிந்தது. வளனின் தோணி மற்றவர்கள் சரக்கோடு போயிற்று.

ஐப்பசி மூன்றாம் தேதி மழை பிடித்தது. கிட்டங்கியில் கரி மூட்டினார், உமி பரப்பினார். ஒரு வாரத்தில் சிப்பத்து ஓலைகளிலிருந்து பாகு சொட்டியது. துறைமுகத்தில் புதுக் கட்டடம் எழுப்பிய காண்டிராக்டர் ஒருவர், சுண்ணாம்புக் காரையில் கலக்க அதைக் குடம் குடமாக அள்ளிக்கொண்டு போனார். கொடுத்த விலை வண்டிக் கூலிக்குச் சரியாக இருந்தது. கட்டடம் சர்க்காருடையது.

கடைசிக் குடம் போன நாலாம் நாள், கருப்பட்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை என்று சர்க்கார் உத்தரவை ரத்து செய்தது.

கடைத்தெரு அசந்துபோயிற்று. "அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாரு, மாத்துவான்னு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கருப்பட்டி போனதை யாரும் பேசவில்லை. வாக்குப் பலித்ததையே பேசினார்கள். கிட்டங்கி காலியான மனிதருக்கு வழியில் கும்பிடு அதிகமாயிற்று.

தை மாதம் இன்னொரு உத்தரவு: மிளகாய் வற்றலுக்குப் பர்மிட், ஏழு நாள் கெடு. காலியான கிட்டங்கியில் காசிலிங்கமும் இப்போது வற்றல்தான் அடுக்கியிருந்தார். வற்றல் கடைச் செல்லப்பாண்டி நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, விடிந்ததும் காசிலிங்கத்தைத் தேடி வந்தான்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னாச் சரி. கெடுவை நீட்டுவானா?"

"கட்டாயம் நீட்டுவான்" என்றார் காசிலிங்கம். சொல்லிக்கொண்டே கடைப் பலகையை எடுத்து அடைத்தார்.

"இவ்வளவு வெள்ளனக் கடையை அடைச்சிட்டு எங்க அண்ணாச்சி போறீய?"

"தாலுகா ஆபீசுக்கு. வடிவம்மா அங்கன வரிசையில இடம் பிடிச்சிட்டு நிக்கா."