அத்தை கொடுத்த ஓய்வு

அத்தையின் இதயம் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியதிலிருந்து மருமகளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. அவளுக்கு மாமியார் என்றால் உயிர். போதாததற்கு, ஆய்வுக்கூடத்தில் அவள் நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு அழுவதும் அதே செல்களைத்தான். இதயத்தைத் தானாகத் துடிக்க வைக்கும் செல்கள். ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் மெல்ல ஏறும், ஓர் எல்லையைத் தொட்டதும் சட்டென்று பாயும், இறங்கும், மறுபடி ஏறும். அத்தைக்கு அந்த ஏற்றம்தான் நொண்டியடித்தது. பேஸ்மேக்கர் பொருத்த நாளைக்குத்தான் நேரம் கொடுத்திருந்தார்கள். அதுவரை மருத்துவமனைக் கட்டிலில், சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தை நம்பித்தான் உயிர்.

"இந்த மருந்து உள்ள போய் என்னம்மா பண்ணுது? நெஞ்சு தடதடங்குது."

"குழாய்க்கு அடியில வாளி வெச்ச மாதிரி, அத்தை. நிறைஞ்சாத்தான் ஒரு துடிப்பு. உங்களுக்குத் தண்ணி நூலா வருது. இந்த மருந்து அந்தக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்து விடுது. வாளி சீக்கிரம் நிறையுது."

"ஓயாம இப்படி நிறைச்சா அந்தச் செல்லுங்களுக்கு அலுக்காதா?"

மருமகள் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வந்தபோது மானிட்டர் கத்திக்கொண்டிருந்தது. அத்தையின் முகம் வெளுத்து, கண்கள் சொருகிக் கிடந்தன. மருமகளின் பார்வை நேராக மருந்துக் குழாய்க்குப் போனது. சொட்டு நின்றிருந்தது. குழாயில் இருந்த சின்னச் சக்கரத்தை யாரோ இறுக்கத் திருகி மூடியிருந்தார்கள். ஓடி வந்த நர்ஸ் அதைத் திறந்து, அளவு பார்த்து விட்டார். மானிட்டரில் துடிப்பின் எண் தயங்கித் தயங்கி மேலே ஏறியது. அது ஏறும்வரை மருமகள் கட்டில் கம்பியை விடவேயில்லை.

கண் திறந்ததும் அத்தை திருட்டு முழி முழித்தார்.

"நான்தான் மூடினேன். நீதானே சொல்லுவே, லேப்ல தட்டுல இருக்கிற செல்லுக்கு மருந்து விட்டா அப்புறம் கழுவி விட்டு ஓய்வு குடுக்கணும், இல்லேன்னா அசந்து போயிடும்னு. என்னோடதும் அதே செல்லுதானே. பாவமா இருந்துச்சு."

சிரிப்பதா அழுவதா என்று மருமகளுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் அவள் தினமும் உளறுவதை அந்த வீட்டில் ஒரு ஜீவனும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். கட்டியவனே கொட்டாவி விடுவான். கேட்ட ஒரே ஆள் இவர்தான். கேட்டு வைத்து இப்படிச் செய்துவிட்டார். கோபமும் பாசமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"தட்டுல இருக்கிறது செத்துப்போனா நாளைக்கு வேற எடுத்து வெச்சுக்குவேன், அத்தை. உங்களுக்குப் பதிலா நான் யாரை எடுத்து வெச்சுக்கிறது?"

அத்தை போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இதைப் பிடிச்சுக்கிட்டே உக்காரு. நாளைக்கு டாக்டர் பேஸ்மேக்கர் வைக்கக் கூப்பிடுற வரைக்கும் விடாதே. இந்தக் கை சொன்ன பேச்சு கேக்காது."