வெளியே போகச் சொன்ன பெயர்

முத்தலிப் மாரடைப்பில் மவுத்தாகி மூன்றாவது மாதம், பொழுது சாய்ந்த ஒரு மக்ரிப் நேரத்தில், ஆமினா பீவியின் வீட்டுக்குள்ளிருந்து ஆண்குரல் ஒன்று கேட்டது. கேட்டவள் பக்கத்து வீட்டுப் பாவாத்தாள். கொடியில் காய்ந்த துணியை உருவிக்கொண்டிருந்தவளுக்குக் கை அப்படியே நின்றுபோனது. இத்தா இருக்கிற வீடு அது. புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது என்பது உக்கடத்தில் எந்த மதத்துக்காரருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வீட்டுக்குள் ஆம்பளை பேசுகிறான் என்றால் என்ன அர்த்தம்?

அதைவிட மோசம், அந்தக் குரல் யாருடையது என்பது. தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொண்டு, "ஏம்மிணி, ஆளில்லாத ரூம்புக்கு எதுக்கு லைட்டு" என்றது. பத்து வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பாவாத்தாள் கேட்ட குரல்தான். பெரிய பள்ளிவாசல் கபர்ஸ்தானில் அடக்கம் செய்துவிட்டு வந்த முத்தலிப்பின் குரல்.

துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். உள்ளே ஆமினா தலையில் முக்காடு இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். சுவரோரமாக அவள் மகள் அஃப்ரா, பதினொரு வயசு, லைட்டு ஸ்விட்சைப் பார்த்தபடி நின்றிருந்தாள். வேறு ஆள் இல்லை.

"அம்மணி, இப்பப் பேசுனது யாருங்க?"

"புள்ளதானுங்க அக்கா" என்றாள் ஆமினா. சொல்லும்போது அவள் கண் தரையை விட்டு எழவில்லை.

அஃப்ரா தானாகப் பேசிப் பழகாத பிள்ளை. பசி என்று சொல்லத் தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரே நிற்பாள். ஆனால் காதில் விழுந்ததை எங்கேயோ பத்திரமாக வைத்திருப்பாள். ஏதோ ஒன்று தட்டிவிட்டால், சொன்னவர் சொன்ன மாதிரியே, இழுப்பும் நிறுத்தமும் மூச்சும் மாறாமல் வெளியே வரும். சின்னப் பெண்ணின் தொண்டையில் ஆம்பளைக் கனம் வராதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியவா போகிறது?

பெற்றவர்கள் அவளுக்கு வைத்தது ஒரே ஒரு பேர். மீதியெல்லாம் தெருவின் உபயம். மூன்று வயசில் ஊமை என்றார்கள். அப்புறம் கேட்டதைத் திருப்பிச் சொல்ல ஆரம்பித்ததும், ஊமையை வாபஸ் வாங்கிக்கொண்டு கிளி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பெரியவர்கள் பாவம் பார்த்து "ஒரு மாதிரி" என்பார்கள், என்ன மாதிரி என்று கேட்டால் மட்டும் பதில் வராது. பேர் வைப்பதென்றால் நம் ஜனத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். பாவாத்தாள் அன்றைக்குக் கேட்டது மறுநாள் தெரு முழுக்கப் பரவி, அதற்கு அடுத்த நாள் புதுப்பேர் தயாராகிவிட்டது. ஜின் புள்ள, பேய் பிடித்தவள் என்று அர்த்தம்.

ஆமினாவிடம் ஒரு ரகசியம் இருந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்? அவளே வேண்டுமென்றுதான் லைட்டைப் போட்டாள். வெறும் அறையில் லைட்டு எரிந்தால் அஃப்ரா வாயில் முத்தலிப் வருவான். தம்ளரைக் கொஞ்சம் ஓசையாக வைத்தால், "மெல்ல வையி, ஒடஞ்சுபோட்டா பாத்திரக்கடைக்காரன் மாமனா மச்சானா" என்பான். முதல் தடவை தற்செயலாகத்தான் கேட்டது. அன்றைக்கு அழுத அழுகை, மய்யித்து எடுத்த அன்றுகூட அவள் அழவில்லை. அதன் பிறகு விட முடியவில்லை. சாயங்காலம் ஆனால் கை தானாக ஸ்விட்சுக்குப் போகும். மகளை இப்படி உபயோகப்படுத்துகிறோமே என்று வெட்கமாக இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே போடுவாள்.

விஷயம் ரசாக்கின் காதுக்குப் போனது. முத்தலிப்பின் தம்பி. அண்ணனும் தம்பியுமாக மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர்கள். இப்போது அவன் ஒருத்தன்தான் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பார்க்கிறான். கெட்டவன் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் ஆமினா எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாள்.

உள் அறை வாசலில் கட்டியிருந்த வெள்ளைத் துணிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பேசினான். இத்தா முடிகிறவரைக்கும் கொழுந்தனாக இருந்தாலும் அப்படித்தான்.

"அண்ணி, அண்ணன் கொரல்ல அது பேசுதுன்னா நல்லதுக்கில்லைங்க. மேட்டுப்பாளையத்துல ஜின் ஓட்டற ஹஜ்ரத்து ஒருத்தரு இருக்காரு. வியாழக்கெழம கூட்டிட்டு வாரேன்."

"நம்ம பள்ளி இமாம் வேண்டாமுன்னுதான சொன்னாரு தம்பி. டாக்டர்கிட்டக் காட்டச் சொன்னாரு."

"என்னான்னு காட்டறதுங்க? காச்சலா, சளியா?" என்றான் ரசாக். "இதுலயும் ஜின்னு போகலீன்னா தர்காவுக்குத்தானுங்க கூட்டிட்டுப் போகோணும். அங்க கட்டி வெப்பாங்க. போற வரைக்கும் இருக்கோணும். எனக்கு மட்டும் மனசு கேக்குதுங்களா?" என்றான்.

கட்டி வைப்பது என்றால் என்னவென்று ஆமினாவுக்குத் தெரியும். சின்ன வயசில் ஒரு தர்காவில் பார்த்திருக்கிறாள். மரத்தடியில் ஒரு பெண், காலில் சங்கிலி, சங்கிலிக்கு அடியில் துணி சுற்றிவிட்டிருந்தார்கள் புண்ணாகாமல் இருக்க. அஃப்ராவுக்குச் சட்டையின் கழுத்துப் பட்டி உரசினாலே தாங்காது. அன்று முதல் ஆமினா லைட்டைத் தொடவில்லை. தம்ளரைத் துணி விரித்து அதன் மேல் வைத்தாள். வியாழக்கிழமைக்குள் பிள்ளை வாயை மூடிக்கொண்டால் பிழைத்துக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை.

வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத்து வந்தார். கூடத்தில் அவர், எதிரே பாயில் அஃப்ரா, சுற்றிலும் நாலைந்து சொந்தக்காரர்கள். வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஆமினா. அவளால் எதையும் பார்க்க முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். சாம்பிராணிப் புகை துணிக்கு அடியால் ஊர்ந்து வந்தது. அஃப்ராவுக்குப் புகை ஆகாது. இந்நேரம் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பாள். அதையும் ஜின்னின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள்.

ஹஜ்ரத்து ஓதி முடித்துவிட்டு, ரசாக்கிடம் நிதானமாக விளக்கினார். எந்த ஜின்னாக இருந்தாலும் முதலில் பேரை வாங்க வேண்டும். பேர் தெரியாமல் போ என்றால் போகாது. அது தன் வாயால் பேரைச் சொல்லிவிட்டால் பாதி தோற்ற மாதிரி. அப்புறம் அந்தப் பேரைச் சொல்லியே வெளியேற்றிவிடலாம்.

"யாரு நீ?"

"யாரு நீ" என்றாள் அஃப்ரா, ஹஜ்ரத்தின் குரலிலேயே.

"எங்கிருந்து வந்தே?"

"எங்கிருந்து வந்தே."

பிரம்பு தரையில் சுளீரென்று விழுந்தது. ஆமினா வாயில் முக்காட்டுத் துணியை அடைத்துக்கொண்டாள். திருப்பிச் சொல்லிக்கொண்டே இரு கண்ணு, கிளி என்று சொல்லிவிட்டுப் போகட்டும். மவுத்தான அத்தாவை மட்டும் கூப்பிட்டுவிடாதே.

"பேரு என்ன? பேரச் சொல்லு."

பிறகு, தொண்டையைக் கனைக்கிற சத்தம்.

"பேரு என்னங்க?" என்றது முத்தலிப்பின் குரல். அவன் முதலாளிமாரிடம், படித்தவர்களிடம் பேசுகிற பவ்யமான குரல். வீட்டில் அவன் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. "ஆட்டிசமுங்களா. ஆட்டிசம்."

பிரம்பு மறுபடியும் தரையில் விழுந்ததில் மீதிப் பேச்சு நின்றுபோனது. கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை விட்டார்கள். யாரும் கேள்விப்படாத பேர். அரபியா, உருதா, வேறு எந்த நாட்டுப் பாஷையோ. "சொல்லிருச்சு" என்றார் ஹஜ்ரத்து.

அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னார். "ஆட்டிசம், வெளிய போ. இந்தப் புள்ளைய உட்டு, இந்த ஊட்ட உட்டு, இப்பவே எந்திரிச்சு வெளிய போ."

பாய் சரசரத்தது. கூடத்தைத் தாண்டிச் சின்னக் காலடிகள் போயின. வாசலில் செருப்பைத் தேடிப் போடுகிற சத்தமும் கேட்டது.

"யாரும் தொடாதீங்க" என்றார் ஹஜ்ரத்து. "போகட்டும். ஜின்ன முக்குல எறக்கி உட்டுட்டுப் புள்ள தானா திரும்பி வரும்."

ரசாக் தேம்பி அழுகிற சத்தம் கேட்டது. யாரோ துவா கேட்க ஆரம்பித்தார்கள். ஆமினாவும் துணிக்குப் பின்னால் இரண்டு கையையும் ஏந்தினாள். மகள் தப்பித்தாள், இனிச் சங்கிலி இல்லை என்று ஒரு நிம்மதி. அதோடு கூடவே இன்னொரு நினைப்பும் வந்து தொலைத்தது: அவரும் போய்விட்டார், இனி எத்தனை லைட்டு போட்டாலும் வர மாட்டார். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது பாலக்காட்டு ரோட்டிலிருந்து பஸ் ஒன்றின் ஆரன் நீளமாகக் கேட்டது.

ஏந்திய கை அப்படியே இறங்கியது. ஜின் செருப்புப் போட்டுக்கொண்டா போகும்? கதவைச் சாத்து என்றால், ஆள் வந்துகொண்டிருந்தாலும் சாத்துகிறவள் அஃப்ரா. உட்கார் என்றால் எழு என்று சொல்கிறவரை உட்கார்ந்திருப்பாள். வெளியே போ என்று பெரிய மனுஷன் ஒருத்தர் சொன்னார், போய்விட்டாள். உள்ளே வா என்று யாரும் சொல்லாமல் எப்படித் திரும்பி வருவாள்? ஒரு கூடம் நிறையப் பெரியவர்கள் சேர்ந்துகொண்டு, ஒரு பிள்ளையை அவள் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு, அதற்கு துவாவும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளைத் துணியை ஒரே இழுப்பில் இழுத்தாள். அது கயிற்றோடு அறுந்து வந்தது. கூடத்தில் இருந்த ஆண்கள் பதறிப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "அண்ணி, இத்தாவுங்க" என்று ரசாக் கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. வெறுங்காலோடு வாசலைத் தாண்டினாள்.

தெரு முக்கைத் தாண்டி ரோட்டின் நட்டநடுவே அஃப்ரா நின்றிருந்தாள். ஒரு டவுன் பஸ் அவளுக்கு முன்னால் குறுக்காக நின்று புகைந்துகொண்டிருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்திருந்தார். கண்டக்டர், பிள்ளையைத் திட்ட இறங்கி வந்தவர், முகத்தைப் பார்த்ததும் மனசு மாறிக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரூட்டுப் புள்ள கண்ணு நீ? உம் பேரு என்ன?"

ஓடி வந்த ஆமினா ரெண்டு எட்டுத் தள்ளியே நின்றுவிட்டாள். அஃப்ரா தொண்டையைக் கனைத்தாள்.

"பேரு என்னங்க? ஆட்டிசமுங்களா. ஆட்டிசம்." பிரம்பு எதுவும் குறுக்கே விழவில்லை. அதனால் பேச்சு அது போக வேண்டிய இடத்துக்குப் போனது. "வியாதி இல்லீங்களா. அப்ப மருந்து இல்லைங்களா. பொறப்பே இப்படித்தானுங்களா, டாக்டர்." நீளமாக ஒரு மூச்சு. அடுத்து வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இவிய அம்மாகிட்ட நான் சொல்லலீங்க. இருக்கற வரைக்கும் நானே பாத்துக்கறேன். அவ தாங்க மாட்டாளுங்க."

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆமினாவுக்குப் புரிந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால், தங்கச்சி பிரசவத்துக்காக அவள் வால்பாறைக்குப் போய்விட்டு வந்தபோது, முத்தலிப் பிள்ளையின் கழுத்திலிருந்த தாயத்தையெல்லாம் அறுத்து எடுத்திருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "அது எதுக்கு, புள்ளைக்கு உறுத்துது" என்றான். பெற்ற மனசா இது என்று அவள் அன்று முழுக்கச் சண்டை போட்டாள். அவள் ஊரில் இல்லாத அந்த நாட்களில்தான் பிள்ளையை டாக்டரிடம் காட்டியிருக்கிறான். அந்தப் பேரைத் தனியாகச் சுமந்துகொண்டு, பட்டறைக்குப் போய்க்கொண்டு, வந்துகொண்டு இருந்திருக்கிறான். நெஞ்சு நின்றுபோகாமல் என்ன செய்யும் என்று நினைத்தாள். அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவுதானா என்னைப் பற்றி நீங்கள் நினைத்தது?

ரோடே பார்த்துக்கொண்டிருக்க, முக்காடு நழுவிய தலையோடு, அவள் மகளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பதில் சொன்னது மகளுக்கு இல்லை.

"தாங்குவேனுங்க" என்றாள்.

பின்னாலேயே ஓடி வந்த ரசாக் மூச்சு வாங்க நின்றான். "ஜின்னு போயிருச்சுங்க அண்ணி. எந்திரிங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"போகுல தம்பி. போகறதுக்கு இதுல ஒண்ணுமே இல்லை. இவ இவதான்" என்றாள் ஆமினா. பிறகு அஃப்ராவிடம், தெளிவாக, "ஊட்டுக்குள்ள வா கண்ணு" என்றாள். அஃப்ரா உடனே கையை நீட்டினாள்.

அதற்கப்புறம் எந்தத் தர்காவுக்கும் யாரும் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, ஆமினா விடவில்லை. இத்தாவில் ரோட்டுக்கு ஓடியவள் என்று தெரு அவளுக்கும் ஒரு பேர் வைத்தது. வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அஃப்ராவிடம் இன்றைக்கும் யாராவது பேர் கேட்டால், தொண்டையைக் கனைத்துக்கொண்டு அத்தாவின் குரலில் ஆரம்பிப்பாள். டாக்டரிடம் கேட்டதெல்லாம் ஒன்று விடாமல் வரும். அவ தாங்க மாட்டாளுங்க என்று முடியும். கேட்டவர்கள் திகைத்து நிற்கும்போது, சின்ன இடைவெளி விட்டு, அம்மாவின் குரலில், அன்றைக்கு ஓடி வந்த மூச்சிரைப்போடு, "தாங்குவேனுங்க" என்பாள்.