ஸ்டோர் தவிர

ஷெர்லினுக்கு ஆபீசில் நல்ல பெயர். கட்டட வரைவுகளைச் சரிபார்ப்பதற்கென்றே உண்டாக்கிய ஒரு சின்னக் கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. அதில் விதி எழுதுவதுதான் அவள் வேலை. கதவு இத்தனை அகலம், படிக்கட்டு இத்தனை என்று வரி வரியாக எழுதி வைப்பாள். கம்ப்யூட்டர், இன்னும் கட்டாத கட்டடத்தின் மாடலுக்குள் புகுந்து அறை அறையாகப் பார்த்து, தப்பென்றால் சிவப்பு, சரியென்றால் பச்சை காட்டும். எழுதியதைத்தான் பார்க்கும். எழுதாமல் விட்டதை அதன் அப்பன் வந்தாலும் பார்க்காது.

அவள் ஊர்க் கடற்கரையில் வரவிருந்த வலைக்கூடத்தின் மாடலும் ஒருநாள் அவள் மேஜைக்கு வந்தது. கீழே கடைகள், மாடியில் வலை போட்டு வைக்க ஒரு நீள அறை, இறங்க ஒரே படிக்கட்டு. மாடி அறை எதுவானாலும் இரண்டு படிக்கட்டு வேண்டும் என்ற அவள் விதி பட்டென்று சிவப்பைக் காட்டியது.

மேனேஜர் ஜெயகணேஷ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சென்னைக்காரர். "இன்னொரு படி வச்சா கீழே ரெண்டு கடை போயிடும்மா. பார்ட்டி ஒத்துக்க மாட்டார். விதியில 'ஸ்டோர் தவிர'ன்னு சேர்த்துடு. ஸ்டோர்ல போய் எவன் படுக்கப் போறான்?"

பக்கத்து மேஜைகளில் சிரித்தார்கள்.

எவனா? விடியுமுன் கடலுக்குப் போனவன் கரையேறி, மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, வலைக்குவியல் மேல்தான் கட்டையைச் சாய்ப்பான். அவள் அப்பா மரியான் முப்பது வருஷமாக அப்படித்தான் தூங்குகிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்ததும் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். அன்றிலிருந்து ஆபீசில் யார் கேட்டாலும் ஷெர்லினின் அப்பா துறைமுகத்தில் கிளார்க். வெட்கங்கெட்ட வெட்கம்! அவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு வார்த்தைகளைத் தட்டினாள். பச்சை வந்தது.

வீட்டிலாவது சொன்னாளா? "ஏளா, புதுக் கூடத்துல காத்து அள்ளிட்டு வருது" என்று அப்பா சந்தோஷப்பட்டபோதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

கூடம் திறந்த எட்டாம் மாதம், ஒரு மத்தியானம், படிக்கட்டுக்கு அடியிலிருந்த மின்பெட்டியில் தீப்பிடித்தது. நைலான் வலை எரிவதற்குச் சொல்லவா வேண்டும்! நாலு பேர் ஜன்னல் வழியே குதித்துக் கால் ஒடிந்து பிழைத்தார்கள். மரியானுக்கு முட்டுவலி, ஜன்னல் ஏற முடியவில்லை.

விசாரணை, கோவிலை அடுத்த மண்டபத்தில் நடந்தது. ஜெயகணேஷ் காகிதங்களை நீட்டினார். "விதிப்படி எல்லாம் பாஸ் சார். அங்க ஆள் படுப்பாங்கன்னு எங்க ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்?"

அதிகாரி ஷெர்லினைப் பார்த்தார். "விதி எழுதினது நீங்கதானே? உங்களுக்கும் தெரியாதா?"

அவள் வாய் திறக்குமுன் அம்மா விக்டோரியா எழுந்துவிட்டாள்.

"என்னய்யா இப்பிடிக் கேக்கிய? எம்மவளுக்கா தெரியாது? லீவு நாள்ல அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயி, வலைமேல கெடந்தவர உலுக்கி எழுப்புததே இவதான?"

மகளுக்குப் பரிந்து பேசுவதாகத்தான் அவள் நினைப்பு.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். ஜெயகணேஷ் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ஷெர்லின் தலை நிமிரவில்லை. அம்மா மட்டும் ஒன்றும் விளங்காமல் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.