மாப்பிள்ளை ஒன்றும் கேட்கவில்லை

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் புகழ்வேந்தன் செய்கிற முதல் வேலை முகம் கழுவுவது அல்ல, கூடத்து ஜன்னலைச் சாத்துவது. கிருமாம்பாக்கத்தில் மேற்குப் பார்த்த வீடு அது. சாயங்கால வெயில் நேராகக் கூடத்துக்குள் விழும். வெயில் விழுந்தால் அவன் கையிலிருக்கும் விளையாட்டுப் பெட்டியின் திரை வெளிறிப் போகும். அதனால் ஜன்னலைச் சாத்தித் திரைச்சீலையையும் இழுத்துவிட்டு, சோபாவில் காலை நீட்டிக்கொள்வான். மனைவி மஞ்சுளா புழுக்கத்தில் வியர்வையைத் துடைத்தபடி டீ கொண்டுவந்து வைப்பாள்.

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆடுகிற பெட்டி அது. கல்யாணத்துக்கு முன்னால், மருந்துக் கம்பெனியில் கிடைத்த முதல் போனஸில் வாங்கியது. ஒரு கீறல் இல்லை, ஒரு பட்டன் தேயவில்லை. அதே பெட்டி இன்னும் நல்ல திரையோடு புதிதாக வந்திருக்கிறது என்று கேள்விப்படும் வரை அவனுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. கேள்விப்பட்ட நாளிலிருந்து எல்லாமே குறையாகத் தெரிந்தது. விளையாட்டில் இருட்டுக் குகை வந்தால் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவான். கருப்பு கருப்பாக இல்லையாம், சாம்பலாக இருக்கிறதாம். மஞ்சுளாவுக்கு அது கருப்பாகத்தான் தெரிந்தது.

புதுத் திரையைப் பற்றி யூடியூபில் வந்த வீடியோ ஒன்றையும் அவன் விடவில்லை. சொல்லிவைத்தாற்போல எல்லோரும் ஒரே முடிவைத்தான் சொன்னார்கள். கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் புதியதை வாங்கலாம், பழையது வைத்திருப்பவர்கள் மாற்ற வேண்டியதில்லை. கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கும் வேலை. மாத்திரை அட்டையில் சின்னப் பிசகு இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவான். அப்படிப்பட்டவனுக்கு அவர்கள் சொன்னது சரியென்று தெரியாமல் இல்லை. தன் சம்பளத்தில் அதை வாங்க வேண்டும் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. ஆசைக்குத் தோதாகத் தலைதீபாவளியும் வந்தது.

கரியமாணிக்கத்திலிருந்து மஞ்சுளாவின் அம்மா செல்வகுமாரி போன் செய்து, மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று மகளிடம் விசாரித்தாள். மஞ்சுளா போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைக் கேட்டாள்.

"எனக்கு இன்னாத்துக்கு, ஒண்ணும் வேணாம்" என்றான் புகழ்வேந்தன். உடனே கையிலிருந்த பெட்டியை அவள் பக்கம் திருப்பினான். "புதுசுல ஸ்கிரீன் சூப்பரா இருக்குதாம். சும்மா சொன்னேன்."

இந்த ஊர்ப் பக்கத்து மாப்பிள்ளைகளுக்கு இது கைவந்த கலை. வாயைத் திறந்து கேட்டால் கௌரவக் குறைச்சல், கேஸ் அது இது என்று பயம் வேறு. அதனால் கேட்க மாட்டார்கள். தெரியப்படுத்துவார்கள். மிச்சத்தைப் பெண்ணைப் பெற்றவர்களின் பயம் பார்த்துக்கொள்ளும்.

புகழ்வேந்தனின் அம்மா கஸ்தூரி சமையலறையிலிருந்து வந்து, சம்பந்தியிடம் நலம் விசாரிக்க வேண்டும் என்று போனை வாங்கினாள். மழை, விலைவாசி, முட்டிவலி எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னாள்: "நாங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்க மாட்டோம் சம்பந்தி. ஒங்க பொண்ணுக்கும் மருமவனுக்கும் செய்யறது ஒங்க இஷ்டம். புள்ளதான் அந்த கேம் பொட்டியிலயே கண்ணா கெடக்குது."

எள் என்பதற்குள் எண்ணெயாக நிற்கிற சம்பந்திகள் அவர்கள். அந்த வாரமே மஞ்சுளாவின் அப்பா உலகநாதன் வில்லியனூரில் ஒரு செல்போன் கடைக்குப் போனார். பெட்டியின் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை. மகளிடம் படம் அனுப்பச் சொல்லி, அதைக் கடைக்காரரிடம் காட்டி முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். படத்தை அனுப்பியது மஞ்சுளாதான். அப்போது அவளுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

பெருமை ஞாயிற்றுக்கிழமை வரைதான் நிலைத்தது. அன்று பஸ் மாறி ஏறி அம்மா வீட்டுக்குப் போனவள், வாசலில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்ததை விலக்கிப் பார்த்தாள். வயலில் இருக்கும் ஆழ்துளைப் போரிலிருந்து கழற்றி எடுத்த மோட்டார். உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் காயில் கருகிவிட்டதாம். எத்தனை நாளாக இப்படிக் கிடக்கிறது என்று கேட்டால் அம்மா பேச்சை மாற்றினாள். மஞ்சுளா வயலுக்கே நடந்தாள்.

அங்கே நாற்றங்காலில் நாற்று ஓரமெல்லாம் மஞ்சளாகி நின்றது. புரட்டாசி முடியப் போகிறது, மழையைக் காணோம். நடவு வயலில் சேறு அடிக்கத் தண்ணீர் இல்லை. பக்கத்து வயல் கண்ணையன் தன் பயிருக்குப் பாய்ச்சி முடித்துவிட்டு மனம் வைத்தால், வாய்க்காலில் கொஞ்சம் திருப்பி விடுவார். அந்தத் தண்ணீர் நாற்றை உயிரோடு வைத்திருக்கப் போதும், நடுவதற்குப் போதாது. நடாமல் நிற்கிற நாற்று நாளுக்கு நாள் முற்றிக்கொண்டிருந்தது. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது என்று அந்த ஊரில் பிறந்த அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதுக் கம்பி சுற்றி மோட்டாரைக் கட்டிவிட்டால் தீர்ந்துபோகிற விஷயம். கட்டுவதற்கு வைத்திருந்த பணம் விளையாட்டுப் பெட்டிக்கென்று ஒதுங்கிவிட்டது என்பதை அப்பா சொல்லாமலேயே அவள் புரிந்துகொண்டாள். அது சின்னப் பிள்ளைகள் ஆடுகிற சாமான், உங்கள் மாப்பிள்ளையிடம் ஏற்கெனவே நல்லதாக ஒன்று இருக்கிறது, இப்போதே கடைக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று கத்தினாள். உலகநாதன் கோபப்படவில்லை.

"தல தீபாவளி ஒரு தரம்தாம்மா வரும். மொத வருசமே மாப்ளைய வெறுங்கையோட அனுப்புனா, நாளைக்கு ஒன்னப் பாத்து யாராவது ஒரு வார்த்த சொல்லிடுவாங்க. பயிரு போனா அடுத்த போகம் பாத்துக்கலாம்."

அப்பாவின் மேலும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. யாரும் அடிக்காமலேயே குனிந்து முதுகைக் காட்டுகிற மனிதரை என்ன செய்வது? ஊர் பேசும் என்கிறார். ஊரா வந்து நாற்று நடப் போகிறது?

வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான், கொஞ்சம் வருத்தப்படவும் செய்தான். பிறகு, தான் எதுவும் கேட்கவில்லையே என்றான். அவராக ஆசையாகச் செய்கிறார், குறுக்கே போய் வேண்டாம் என்றால் பெரியவர் மனசு புண்படும் என்றான். கஸ்தூரியும் அதையே சொன்னாள். அம்மாவும் பிள்ளையும் சொல்வதில் ஒரு சொல் பொய் கிடையாது, அதுதான் கொடுமை. சுவரோடு பேசியது போல இருந்தது மஞ்சுளாவுக்கு. கேட்டவனோடு சண்டை போடலாம். கேட்கவே இல்லை என்கிறவனோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

இரண்டு நாள் கழித்து, கம்பெனியில் அவனோடு வேலை பார்க்கும் பிரிட்டோ வீட்டுக்கு வந்தான். அவனிடமும் அதே பழைய பெட்டி இருந்தது. தீபாவளிக்குத் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், பழையதைத் தள்ளிவிட்டுப் புதுத் திரை வைத்ததை எடுத்துவிடலாமா என்று புகழ்வேந்தனிடம் யோசனை கேட்டான். இந்த விஷயத்தில் கம்பெனியில் எல்லோருக்கும் அவன்தான் குரு.

புகழ்வேந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பார்த்த வீடியோ எல்லாம் அவன் நாக்கில் நின்றது. உள்ளே இருக்கும் சிப் அதேதான், ஆட்டமும் அதேதான், வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றான். டிவியில் மாட்டி ஆடுகிறவனுக்கு இரண்டும் ஒன்று. வெயிலில் கொண்டுபோனால் புதியதும் வெளிறத்தான் செய்யும். வாங்கின ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும், அதற்குப் பிறகு கண் பழகிவிடும், பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசமே தெரியாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டு இருப்பதையே ஆடு என்றான்.

"இது ஆசைடா மச்சி, தேவை இல்ல" என்று முடித்தான். "அந்தக் காச ஒங்க வூட்டுக்கு உருப்படியா எதுக்காவது போடு. நல்லா ஓடற பொருளத் தூக்கிப் போட்டுட்டு ஸ்கிரீனுக்காகப் புதுசு வாங்கறவன் முட்டாள்."

பிரிட்டோ தெளிந்தவனாகத் தலையாட்டினான். நல்ல வேளை உன்னைக் கேட்டேன் என்றான். டீத் தட்டோடு கதவருகே நின்றிருந்த மஞ்சுளா அதை முக்காலியில் வைத்தாள். அவள் குரல் உயரவில்லை.

"பிரிட்டோ அண்ணன் காசுன்னா வேணாம். எங்க அப்பா காசுன்னா வேணும். அப்படித்தானேங்க?"

பிரிட்டோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் விளக்கினாள். வாசலில் கிடக்கும் மோட்டார், மஞ்சளாகிப் போன நாற்று, வில்லியனூர்க் கடையில் கொடுத்த முன்பணம், ஒன்றையும் விடவில்லை. பிரிட்டோ நண்பனின் முகத்தைப் பார்க்காமல் டீயைக் குடித்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினான். உள்ளேயிருந்து வந்த கஸ்தூரி வழக்கம்போல நாங்கள் கேட்கவில்லையே என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா இரும்மா" என்றான் புகழ்வேந்தன். தன் வாயாலேயே தன்னை முட்டாள் என்றதைவிட, தன் காசுக்கு ஒரு நியாயமும் மாமனார் காசுக்கு ஒரு நியாயமும் வைத்திருந்தது வெளியே தெரிந்துபோனதுதான் அவனை அதிகம் அறுத்தது.

அப்போதே மாமனாருக்குப் போன் செய்தான். அந்தப் பெட்டி வேண்டாம், கடையில் சொல்லி நிறுத்திவிடுங்கள், தனக்கு எதுவுமே வேண்டாம் என்றான். இந்த முறை மனதாரச் சொன்னான். அந்தப் பக்கம் உலகநாதனின் குரல் இறங்கி வந்தது.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாப்ள. அத மட்டும் குடுத்து ஏமாத்திடுவோம்னு இல்ல. மோதரமும் போடணும்னுதான் இருக்கோம். பொங்கலுக்குள்ள செஞ்சிடறேன், கொஞ்சம் டைம் குடுங்க."

புகழ்வேந்தன் பதறிப்போய் மறுபடியும் சொன்னான். சொல்லச் சொல்ல அங்கே பயம்தான் கூடியது. மோதிரம் எத்தனை பவுனில் வேண்டுமாம் என்று மாமியார் பின்னாலிருந்து அழுகிற குரலில் கேட்பது காதில் விழுந்தது. அவன் போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"மாப்ள மொதல்ல வேணாம்னா வேணும்னு நெனச்சாங்க. திரும்பவும் வேணாம்னா பத்தலன்னு நெனக்கிறாங்க" என்றாள் அவள். "அவங்கள அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கீங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு மஞ்சுளாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு கரியமாணிக்கம் போனான். மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியதைப் பார்த்ததும் உலகநாதன் ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாமியார் தண்ணீர்ச் செம்போடு நின்ற இடத்திலேயே நின்றாள். இருவர் முகத்திலும் தீர்ப்புக்குக் காத்திருக்கிற கலவரம்.

புகழ்வேந்தன் உட்காரவில்லை. மஞ்சுளா முதலில் கேட்டபோது வேண்டாம் என்று தான் சொன்னது பொய் என்றான். கேட்டது நான்தான், சாமர்த்தியமாகக் கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்றான். கையில் இருப்பதே நன்றாக ஓடுகிறது, புதுத் திரை தேவையில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான் என்றான். மோதிரம், பெட்டி எதையும் தொட மாட்டேன், தீபாவளிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவேன், அவ்வளவுதான் என்று கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

உலகநாதன் மகளைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். நம்பலாமா கூடாதா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்பத் தயங்கி, மெதுவாகக் கேட்டார்.

"அப்ப... மோட்டாரக் கட்டிக்கலாமா மாப்ள?"

அவர் வயல், அவர் போர், அவர் சேர்த்து வைத்த பணம். அதில் தன் மோட்டாரைத் தானே சரிசெய்துகொள்ள, நேற்று வந்த மருமகனிடம் அந்த மனிதர் உத்தரவு கேட்கிறார். நாற்றங்காலில் பாதி ஏற்கெனவே போய்விட்டது. முன்பணத்தைக் கடைக்காரர் திருப்பித் தருவாரோ மாட்டாரோ தெரியாது. போனதெல்லாம் தன்னால் போனது என்று புகழ்வேந்தனுக்கு அந்த நிமிஷம் வலித்தது.

"என்னைய இன்னாத்துக்கு மாமா கேக்கறீங்க" என்றான். "இப்பவே மடுகரை மோட்டார் பட்டறைக்குத் தூக்கினு போலாம், வாங்க. வாயத் தொறந்து கேட்டு வாங்கனாத்தான் வரதட்சணைன்னு இத்தன நாளா நெனச்சினு இருந்தேன். கேக்கவே இல்லியேன்னு சொல்லிக்கினு, அவங்க பயத்துல கொண்டாந்து குடுக்கறத கைநீட்டி வாங்கறதும் வரதட்சணைதான். கேட்டு வாங்கறவன் திருடன்னா, கேக்காம வாங்கறவன் நல்லவன் வேசம் போட்ட திருடன்."